தேம்ஸ் கரையில் தெளிந்த விருந்து

லண்டனின் நடுவிலிருந்து தேம்ஸ் ஆற்றில் படகேறிக் கிழக்கே போனால், டவர் பாலம் தாண்டியதும் ஆறு வளையத் தொடங்கிவிடும். இடக்கரையில் வாப்பிங், லைம்ஹவுஸ் என்று பழைய துறைமுகப் பேட்டைகள் வரும். பிறகு ஐல் ஆஃப் டாக்ஸ் என்ற நிலத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஆறு தெற்கே இறங்கும். அந்த வளைவின் அடியில், வலக்கரையில் இருக்கிறது கிரீன்விச். தீர்க்கரேகைப் பாடத்தின் வழியாகப் பள்ளிப் பருவத்திலேயே நமக்கு அறிமுகமான ஊர். படகுத்துறையில் இறங்கி ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால், வயதான கடற்படை வீரர்கள் தங்குவதற்காகக் கிறிஸ்டோபர் ரென் திட்டமிட்ட மாளிகையின் இரட்டைக் குவிமாடங்கள் வலப்புறம் தெரியும். அந்த வளாகம் முடிகிற இடத்தில், ஆற்றை ஒட்டிய மதிலின் மேல், வளைந்த சன்னல்களும் இரும்பு வேலைப்பாடு கொண்ட பால்கனிகளுமாக டிராபல்கர் டேவர்ன் நிற்கிறது. ஜோசப் கே என்ற கட்டடக் கலைஞர் 1837இல் கட்டியது. வாசலுக்கு வெளியே கடற்படைத் தளபதி நெல்சனுக்கு வெண்கலச் சிலை. ஆற்றுக்கு அக்கரையில் வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள்.

இப்படியொரு இடத்தில் மது அருந்தாதவருக்கு என்ன வேலை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நம்மவர்கள் பலர் இந்தப் பழைய ஆற்றங்கரை விடுதிகளை வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் சங்கிலிக் காபிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே போனால் ஒயின் வாங்கியாக வேண்டும், வாங்காவிட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், சோடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கூச்சம் என்று பல தயக்கங்கள். விடுதிகளும் தம் பங்குக்கு அந்தத் தயக்கத்தை வளர்த்து வைத்திருக்கின்றன. நாலு பக்கத்துக்கு ஒயின் பட்டியல், கடைசிப் பக்கத்தின் மூலையில் ஆரஞ்சுச் சாறும் கோலாவும். இரு தரப்பும் செய்வது தவறு என்பது என் கட்சி. இந்தக் கரையின் பழமை மதுவுக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல. குடிக்காதவர் இங்கே விதிவிலக்காகப் பொறுத்துக்கொள்ளப்பட வேண்டியவரும் அல்ல. அவர் முழு விருந்தாளி. அதற்கான சான்றுகள் இந்த ஆற்றின் வரலாற்றிலேயே கிடக்கின்றன.

முதலில் தலைக்கணக்கு. குடிக்காதவர் என்றால் மத நம்பிக்கையுள்ள சிறு கூட்டம் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆண்டு முழுக்க மதுவைத் தொடாதவர். இவர்களோடு அன்றைக்கு மட்டும் குடிக்காதவர்களையும் சேர்க்க வேண்டும். கார் ஓட்டி வந்தவர், கர்ப்பிணி, மாத்திரை சாப்பிடுகிறவர், மறுநாள் காலையில் வேலை உள்ளவர், 2013இல் தொடங்கிய 'டிரை ஜனவரி' வழக்கப்படி மாதம் முழுக்க விலகி நிற்பவர். ஒரு கல்யாண மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் அதில் இரண்டு மூன்று பேர் இப்படி இருப்பது இயல்பு. எட்டுப் பேரில் மூவரை மூலைக்குத் தள்ளும் மெனு, நடைமுறைப்படி பார்த்தாலும் தப்புக்கணக்குப் போட்ட மெனுதான்.

அடுத்து, இந்த விடுதிக்கு மக்கள் எதற்காக வந்தார்கள் என்று பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரீன்விச்சுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு மீன். ஒயிட்பெய்ட் என்று சொல்லப்பட்ட அது உண்மையில் ஹெர்ரிங், ஸ்ப்ராட் மீன்களின் குஞ்சு. இதைத் தனி இனம் என்றே அந்தக் கால இயற்கையியல் அறிஞர்கள் சிலர் வாதாடினார்கள். விரல் நீளம்கூட வராத மீனை மாவில் புரட்டி, கொதிக்கும் கொழுப்பில் போட்டு, மொறுமொறுப்பு வந்ததும் எடுப்பார்கள். நம் ஊர் நெத்திலி வறுவலைப் போல, தலையோடும் முள்ளோடும் அப்படியே மென்று தின்ன வேண்டியது. கூடவே பழுப்பு ரொட்டி, வெண்ணெய், எலுமிச்சைத் துண்டு, மேலே தூவ மிளகாய்த்தூள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியும்போது அமைச்சர்கள் இந்த மீனுக்காகவே ஆற்று வழியே வந்திறங்குவார்கள். லிபரல் கட்சிக்காரர்களுக்கு டிராபல்கர், கன்சர்வேடிவ் கட்சிக்காரர்களுக்குச் சற்று மேற்கே இருந்த ஷிப் டேவர்ன் என்று பங்கு பிரிந்திருந்தது. மீனோடு குளிர்ந்த ஷாம்பெயினும் ஓடியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஷாம்பெயின் வெஸ்ட்மின்ஸ்டரிலேயே கிடைத்தது. அதற்காக யாரும் படகேறத் தேவையில்லை. அவர்கள் வந்தது மீனுக்கும் ஆற்றுக்கும். அந்த இரண்டில் எதற்கும் மது அருந்தும் தகுதி கேட்கப்படுவதில்லை.

"இது கடலோடிகளின் கரை. கடலோடி வாழ்க்கையையும் குடியையும் பிரிக்க முடியுமா?" என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் பீர் என்பது நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. பிறகு ரம் வந்தது. ஆட்கள் மப்பில் விழுவதைப் பார்த்த அட்மிரல் வெர்னன் 1740இல் அந்த ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னார். டிராபல்கர் போரில் இறந்த நெல்சனின் உடலே பிராந்திப் பீப்பாயில் வைத்துத்தான் பாதுகாக்கப்பட்டது. 1806 ஜனவரியில் அவர் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட ஓவிய மண்டபம் இந்த டேவர்னிலிருந்து சில நிமிட நடை. ஆக, மதுவின் வாடை இல்லாத கடற்படை வரலாறு என்று ஒன்று கிடையாது.

ஆனால் அதே கடற்படையின் பதிவேட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ரம் பங்கீட்டுக்கு ஆட்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். பெயருக்கு எதிரே 'ஜி' என்று இருந்தால் ரம் பெறுபவர். 'யு.ஏ.' என்று இருந்தால் வயது வராதவர். 'டி' என்று இருந்தால் மதுவிலக்குக்காரர். அந்த 'டி'க்காரருக்கு ரம்முக்குப் பதிலாக நாளொன்றுக்கு மூன்று பென்னி காசு சம்பளத்தோடு சேரும். உலகத்திலேயே மதுவோடு அதிகம் பிணைத்துப் பேசப்பட்ட ஒரு நிறுவனம், குடிக்காதவனைக் கேலிப்பொருளாக விடவில்லை. அவனுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்தது, அவன் பங்கைக் காசாகக் கணக்குத் தீர்த்தது. இன்றைய ஆற்றங்கரை விடுதி மெனுக்கள் பலவற்றில் அந்த அளவு மரியாதைகூட இல்லை. கடைசியில் 1970 ஜூலை 31ஆம் நாள் ரம் பங்கீட்டையே கடற்படை நிறுத்திவிட்டது. நுட்பமான கருவிகளைக் கையாளுகிறவர்களுக்குப் பகல் வேளையில் ரம் ஆகாது என்பதுதான் காரணம். அதனால் கடற்படையின் மரபு ஒன்றும் குலைந்துவிடவில்லை.

இதைவிடப் பெரிய சாட்சி படகுத்துறைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கட்டி சார்க் என்ற கப்பல். 1869 நவம்பரில் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறக்கப்பட்ட இது, சீனத் தேயிலையை எல்லோருக்கும் முன்னால் லண்டனுக்குக் கொண்டுவருவதற்காகவே கட்டப்பட்டது. 1870 பிப்ரவரியில் முதல் பயணம் புறப்பட்டபோது ஒயின், சாராய வகைகள், பீர் ஆகியவையும் வேறு சரக்குகளும் ஏற்றிக்கொண்டு ஷாங்காய்க்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் திரும்பி வந்தபோது அதன் வயிற்றில் இருந்தது ஏறத்தாழ 13 லட்சம் பவுண்டு எடை, அதாவது 590 டன் அளவுக்குத் தேயிலை. மதுவை வெளியே அனுப்பிவிட்டுத் தேயிலையை வீட்டுக்கு வரவழைத்த நகரம் இது! அந்தத் தேயிலைக்காகத்தான் கப்பல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. எந்தக் கப்பல் முதலில் வரும் என்று நகரமே பந்தயம் கட்டியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தேயிலைக் கப்பல் 1954 முதல் நிற்கிற உலர்துறை, கன்சர்வேடிவ் அமைச்சர்கள் ஷாம்பெயினோடு மீன் தின்ற அந்த ஷிப் டேவர்ன் இருந்த இடம்தான். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் டேவர்ன் போயிற்று.

கட்டி சார்க்கின் தேயிலைக் காலம் சுருக்கமானது. அது நீரில் இறங்குவதற்குச் சில நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. நீராவிக் கப்பல்களோடு போட்டியிட முடியாமல் பத்தாண்டுக்குள் அது வேறு சரக்குக்கு மாறியது. ஆனால் தேயிலையின் காலம் அதற்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போனது. இங்கேதான் தமிழருக்கு இந்தக் கரையோடு உண்மையான உறவு தொடங்குகிறது. 1867இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அங்கிருந்து 1873இல் லண்டனுக்கு வந்த முதல் சரக்கு வெறும் 23 பவுண்டு. இலைநோயால் காப்பித் தோட்டங்கள் அழிய, தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து போன உழைப்பாளர்களின் கைகளால் மலைநாடு முழுக்கத் தேயிலை படர்ந்தது. அவர்கள் கிள்ளிய கொழுந்து பெட்டிகளில் அடைபட்டு இந்த ஆற்று வழியாகவே லண்டன் ஏலத்துக்குப் போனது. 1998 வரை அந்த ஏலம் நடந்தது. தேம்ஸ் கரை விடுதியில் உட்கார்ந்து ஒரு தமிழர் தேநீர் கேட்பது கூச்சப்பட வேண்டிய காரியமே அல்ல. ஷாம்பெயின் பிரான்சிலிருந்து வந்த விருந்தாளி. தேநீருக்கும் இந்த ஆற்றுக்கும் உள்ள உறவில் நம் மலையகத்தாரின் வியர்வை கலந்திருக்கிறது.

காபிக்கும் இதேபோல் உரிமை உண்டு. கப்பல் காப்பீட்டுக்கு உலகப் பெயர் பெற்ற லாயிட்ஸ் நிறுவனம் எட்வர்ட் லாயிட் என்பவரின் காபிக் கடையில் முளைத்தது. ஆற்றுக்கு அருகே டவர் வீதியில் 1680களில் இருந்த கடை 1691இல் லம்பார்டு வீதிக்கு மாறியது. கப்பல் முதலாளிகளும் மாலுமித் தலைவர்களும் அங்கே கூடிக் காபி குடித்தபடியே கப்பல் சேதிகளைப் பரிமாறிக்கொண்டார்கள். பணம் முடக்க வேண்டிய பேச்சுக்குத் தெளிந்த தலை தேவைப்பட்டது. லைம்ஹவுஸில் 1857இல் ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்கென்று ஒரு விடுதி திறக்கப்பட்டதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் துணைக்கண்டத்திலிருந்து போன லஸ்கர் மாலுமிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்த ஆற்றின் சரக்கைச் சுமந்தவர்களிலேயே பல ஆயிரம் பேர் மதுவைத் தொடாத மார்க்கத்தவர்கள். ஆற்றங்கரை என்றாலே குடிகார மாலுமிகள் என்கிற சித்திரம், படம் வரைந்தவர்களுக்குப் பிடித்திருந்ததால் நிலைத்துவிட்ட சித்திரம்.

"அந்தக் காலத்தில் தண்ணீர் நஞ்சு. பீர்தான் பாதுகாப்பு. குடி என்பது இங்கே ஆடம்பரமல்ல, உயிர் காத்த வழக்கம்" என்பது இன்னொரு வாதம். இதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1854இல் சோஹோவின் பிராட் வீதிக் காலராவை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்னோ, அதே வீதியிலிருந்த மதுவடிசாலையின் எழுபது தொழிலாளர்கள் தப்பியதைக் கவனித்தார். அவர்களுக்குப் பீர் படியாகக் கிடைத்தது, வடிசாலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. தெருவின் குழாயடிக்கு அவர்கள் போகவில்லை. தேம்ஸ் ஆறோ 1858 கோடையில் நாறிய நாற்றத்துக்கு வரலாற்றில் தனிப் பெயரே உண்டு. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது மதுவின் தேவையை அல்ல, நல்ல தண்ணீரின் தேவையை. கொதிக்க வைத்த தேநீர் அதே வேலையைச் செய்தது. பிறகு பொறியாளர் பேசல்கெட் கட்டிய பாதாளச் சாக்கடைகள் நகரத்தின் கழிவைக் கீழாற்றுக்குக் கொண்டுபோயின. காரணம் போன பிறகும் வழக்கத்தைக் காரணமாகக் காட்டுவது சரியல்ல. இன்று இங்கிலாந்தில் மது பரிமாற உரிமம் பெற்ற எந்த விடுதியும், கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் உரிமத்தின் கட்டாய நிபந்தனை. மது விற்கும் உரிமத்துக்குள்ளேயே குடிக்காதவரின் உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

நாக்கின் தரப்பிலிருந்து வருகிற மறுப்புதான் கொஞ்சம் கனமானது. "மீனுக்கு வெள்ளை ஒயின் சேருவதுபோல வேறெது சேரும்? அது இல்லாவிட்டால் சாப்பாட்டில் பாதி போச்சு" என்பார்கள் சாப்பாட்டு ரசிகர்கள். ஒயின் அந்த மேசையில் என்ன வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். எண்ணெயில் பொரித்த மீன் நாக்கில் கொழுப்புப் படலத்தை விடுகிறது. ஒயினின் புளிப்பு அதை அறுக்கிறது. ஷாம்பெயினின் குமிழி அதைத் துடைக்கிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மாட்டிறைச்சியின் கனத்தைச் சமன் செய்கிறது. பீரின் கசப்பு அடுத்த வாய்க்கு இடம் செய்து கொடுக்கிறது. ஆக, தேவைப்படுபவை புளிப்பு, துவர்ப்பு, கசப்பு, குமிழி. இந்த நான்கும் ஆல்கஹால் இல்லாமலே கிடைக்கும். குளிர்நீரில் நீண்ட நேரம் ஊறிய தேநீரில் துவர்ப்பு இருக்கிறது. பழமும் வினிகரும் சேர்த்த பானத்தில் புளிப்பு இருக்கிறது. டானிக் நீரில் கொய்னாவின் கசப்பும் குமிழியும் சேர்ந்தே இருக்கின்றன. ஆல்கஹால் மணத்தைத் தூக்கிக் கொடுக்கிறது, தொண்டையில் ஒரு சூட்டைத் தருகிறது. அந்த இரண்டும் இழப்புத்தான், ஒப்புக்கொள்ளலாம். இஞ்சியும் மிளகும் அந்த இழப்பில் ஒரு பங்கை ஈடு செய்யும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கோபன்ஹேகனில், துறைமுகக் கரையில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்குக் கிடங்கு ஒன்றில் 2003இல் தொடங்கிய நோமா உணவகம், உலகின் தலைசிறந்த உணவகம் என்ற பட்டியலில் 2010இல் முதலிடம் பிடித்தது. அங்கே ஒயினுக்கு இணையாக ஒவ்வொரு உணவுக்கும் ஒவ்வொரு சாறு என்று தனி வரிசையே பரிமாறினார்கள். பழைய கட்டடம், நீர்க்கரை, உயர்ந்த சமையல், மது இல்லாத பானம் ஆகிய நான்கும் ஒரே மேசையில் கூடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பல விடுதிகளில் காரியம் கெடுவது சர்க்கரையால். மது வேண்டாம் என்று சொன்ன மறுகணம், வந்தவரைக் குழந்தையாக நினைத்துச் சிவப்பும் மஞ்சளுமாகப் பழப்பாகு ஊற்றி, குடை குத்தி, ஒரு டம்ளரை நீட்டுகிறார்கள். இரண்டு மடக்கில் நாக்கு மரத்துவிடும், மீனின் சுவை தெரியாது. வளர்ந்த ஆளுக்கு வளர்ந்த ஆளின் பானம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

மது நீக்கிய பீர், ஒயின் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் மதுவாகவே தயாரித்து, பிறகு வெற்றிட வடிப்பிலோ நுண்சவ்வு வடிகட்டலிலோ ஆல்கஹாலைப் பிரிப்பது ஒரு வழி. பீர் இதைத் தாக்குப்பிடிக்கிறது, மால்ட்டின் உடம்பும் ஹாப்ஸின் கசப்பும் மிஞ்சுகின்றன. ஒயின் மெலிந்துபோகிறது, மெலிவை மறைக்கச் சர்க்கரை சேர்க்க வேண்டியிருக்கிறது. எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் வழிகாட்டுதலில் 'ஆல்கஹால் இல்லாதது' என்றால் 0.05 சதவீதத்துக்குள். மது நீக்கியது என்றால் 0.5 வரை. குறைந்த ஆல்கஹால் என்றால் 1.2 வரை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 0.5 வரை இருப்பதே 'இல்லாதது' கணக்கில் வந்துவிடும். மார்க்கக் கட்டுப்பாடு உள்ளவரும் குடிநோயிலிருந்து மீண்டு வருகிறவரும் புட்டியைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தட்டிலும் கவனம் வேண்டும். பொரித்த மீனின் மேல்மாவு பீரில் கரைத்ததாக இருக்கலாம். சிப்பி வெள்ளை ஒயினில் வெந்திருக்கும். 'ஏல்' ஊற்றிய இறைச்சிப் பை, ஷெர்ரி தெளித்த டிரைஃபிள் எல்லாம் இங்கே சாதாரணம். சூட்டில் ஆல்கஹால் முழுக்கப் பறந்துவிடும் என்பது பாதி உண்மைதான். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் கொதித்த குழம்பில் சுமார் 40 சதவீதமும், இரண்டரை மணி நேரம் கொதித்ததில் 5 சதவீதமும் மிஞ்சும். மேசை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் சமையற்கட்டு பதில் சொல்லும்.

விடுதிக்காரரின் மறுப்பு பணம் பற்றியது. "பழைய கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு, ஆற்றைப் பார்த்த இடத்துக்கு வாடகை, சமையலில் மிஞ்சுவது சொற்பம். ஒயினில் வருகிற லாபம்தான் மீனின் விலையைத் தாங்குகிறது. சன்னலோர மேசையில் தண்ணீரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?" இது நேர்மையான கவலை. ஆனால் இதன் முடிவு குடிக்காதவரைத் தவிர்ப்பது அல்ல, அவருக்கு விற்க உருப்படியான ஒன்றை வைத்திருப்பது. ஒன்றும் வைக்காமல் ஒன்றும் வாங்கவில்லை என்று குறைப்படுவது எந்த வியாபார தர்மம்? 1.2 சதவீதத்துக்கு மிகாத பானங்களுக்கு பிரிட்டனில் மதுத் தீர்வை கிடையாது. நல்ல தேநீர், நல்ல சாறு, நேர்த்தியாகக் காய்ச்சிய இஞ்சிப் பானம் இவற்றுக்கு நியாயமான விலை வைத்தால் லாபம் நிற்கும். வாடிக்கையாளரும் "மது இல்லையே, ஏன் இந்த விலை?" என்று சண்டைக்குப் போகக் கூடாது. ஆல்கஹாலைப் பிரிக்கவும் செலவு உண்டு, கைப்பக்குவத்துக்கும் கூலி உண்டு. அவர் விலை கொடுப்பது போதைக்கு அல்ல என்பதை அவரே மறந்தால் எப்படி?

"இத்தனை வம்பு எதற்கு? மது இல்லாத உணவகங்களைத் தனியாகத் திறந்துவிட்டால் போயிற்றே" என்பது சமரசம் பேசுகிறவர்களின் யோசனை. அதை இந்த நாடு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 1832இல் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சே தொடங்கிய முழு மதுவிலக்கு உறுதிமொழி இயக்கம் நாடெங்கும் பரவியது. தாமஸ் குக் 1841 ஜூலை 5ஆம் நாள் லெஸ்டரிலிருந்து லப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங்கில் ரயிலில் அழைத்துப் போனதே ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காகத்தான். இன்றைய சுற்றுலாத் தொழிலின் பிள்ளையார் சுழி குடிக்காதவர்கள் போட்டது. 1870களில் சாராயக் கடைகளுக்குப் போட்டியாகக் காபி மாளிகைகள் எழுந்தன. லைம்ஹவுஸில் எடின்பரோ கேசில் என்ற பெரிய சாராய மாளிகையை டாக்டர் பர்னார்டோ வாங்கிக் காபி மாளிகையாக மாற்றினார். நோக்கம் உயர்ந்தது, ஆனால் அந்தக் காபிக்கடை இயக்கம் நூற்றாண்டு முடிவதற்குள் சோர்ந்துவிட்டது. காபி மட்டம், கூடவே உபதேசம். பசித்து வந்தவருக்குப் பாவமன்னிப்பு பரிமாறினால் அவர் மறுபடி வரமாட்டார். அதே லண்டனில் 1864இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி தொடங்கிய தேநீர்க் கடைகள் கிளை கிளையாகப் பெருகின. பெண்கள் துணையின்றித் தனியே வந்து சாப்பிட முடிந்தது, யாரும் அறிவுரை சொல்லவில்லை. பாடம் தெளிவானது. தனி இடத்தை விட, பிரசங்கம் இல்லாத நல்ல மேசையைத்தான் மக்கள் தேடுகிறார்கள். எட்டு நண்பர்களில் மூவருக்கு ஒரு கடை, ஐவருக்கு ஒரு கடை என்று பிரித்துவிட்டால் விருந்து ஏது?

நம் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு நேர் எதிரானது. "குடி நடக்கிற இடத்துக்கு ஏன் போக வேண்டும்?" தமிழ்நாட்டுக்காரருக்கு மது விற்கிற இடம் என்றதும் நினைவுக்கு வருவது டாஸ்மாக் பார். தெருவைப் பார்க்காத சுவர், நின்றபடி அவசரமாகக் குடிக்கிற ஆண்கள், பிளாஸ்டிக் டம்ளர். பெண்டு பிள்ளைகளோடு அங்கே போக முடியாது என்பது சரியான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அப்படியே தேம்ஸ் கரைக்கு மாற்றுவதுதான் பிழை. இங்கே டேவர்ன் என்பது முதலில் சாப்பாட்டு இடம். ஞாயிறு மதியம் பாட்டி, பேரன், நாய் சகிதம் குடும்பமே வந்து வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் தின்கிற இடம். பெரியவர்களோடு சிறுவர்கள் உள்ளே வரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒருவருக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. குடிநோயிலிருந்து மீண்டவருக்கு அந்த வாடையே சோதனை என்றால் அவர் விலகி நிற்பதே அறிவு, அவரை இழுக்க யாருக்கும் உரிமையில்லை. மற்றவர்களுக்கு மதியப் பொழுது நல்ல தேர்வு. வெள்ளிக்கிழமை மாலையின் கூச்சல் அப்போது இருக்காது, ஆற்றின் ஏற்ற வற்றமும் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும்.

உரிமை பேசியாயிற்று, கடமையையும் பேச வேண்டும். விடுதிக்கு மூன்று கடமைகள். மது இல்லாத பானங்களை மெனுவின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, எதிலிருந்து செய்தது, இனிப்பா துவர்ப்பா, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று ஒயினுக்கு எழுதுகிற அதே அக்கறையோடு எழுத வேண்டும். நல்ல கோப்பையில் ஊற்ற வேண்டும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கக் கூடாது. குடிக்காதவருக்கும் மூன்று கடமைகள் உண்டு. இலவசத் தண்ணீர் சட்டப்படி கிடைக்கும் என்பதற்காகச் சனிக்கிழமை இரவு சன்னலோர மேசையை அதை மட்டும் வைத்து அடைத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டைத் தாராளமாக வாங்க வேண்டும். லண்டனில் பில்லோடு சேர்கிற சேவைக் கட்டணம் பெரும்பாலும் 12.5 சதவீதம், பில் சுருங்கினால் பரிமாறுகிறவரின் வரும்படி சுருங்கும். எதிரே இருப்பவர் எத்தனையாவது கோப்பை என்று எண்ணக் கூடாது. நண்பர்களுக்கும் ஒரு கடமை பாக்கி. ஒயின் புட்டிகளின் கணக்கைத் தனியாகப் பிரித்து, சாப்பாட்டை மட்டும் சமமாகப் பங்கிட வேண்டும். குடிக்காதவனின் கணக்கைத் தனியாகத் தீர்ப்பது ரம் ஊற்றிய கப்பலிலேயே முடிந்திருக்கிறது. கைபேசியில் கூட்டல் கழித்தல் செய்கிற நமக்கு அது முடியாது என்று சொல்வது சாக்கு.